ஒரு நிழல், இரண்டு கால்வாய்: பல் எக்ஸ்ரேயைப் படிப்பது எப்படி?

முதல் வருஷ இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பை அவ்வளவு சீக்கிரம் யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஃப்ரன்ட் வியூ, டாப் வியூ, சைடு வியூ என்று மூன்றையும் வரைந்தால்தான் மார்க். ஒருவேளை ஃப்ரன்ட் வியூ மட்டும் கொடுத்து, அதில் ஒரு செவ்வகத்தை வரைந்து, "இது என்ன பொருள்?" என்று கேட்டால் என்ன சொல்வீங்க? உருளையாக இருக்கலாம், பெட்டியாக இருக்கலாம், பட்டகமாகவும் இருக்கலாம். ஒரே ஒரு பார்வையை வைத்து ஆழத்தைச் சொல்ல முடியாது.

ரூட் கெனால் சிகிச்சை செய்யும் பல் மருத்துவருக்குத் தினமும் வரும் வினாத்தாள் இதுதான். அவர் கையில் இருப்பது ஒரு ஃப்ரன்ட் வியூ. சைடு வியூ எடுக்க முடியாது, ஏனென்றால் பக்கத்துப் பற்கள் வழியை மறைக்கின்றன. மேலிருந்து டாப் வியூவும் கிடையாது. இந்த ஒரு நிழலை வைத்துக்கொண்டு பல்லுக்குள் ஓடும் தலைமுடி அளவுக் கால்வாய்கள் எத்தனை, எங்கே பிரிகின்றன, எங்கே முடிகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கால்வாயைத் தவறவிட்டால் சிகிச்சை தோற்கக்கூடும். பல்லையே எடுக்கும் நிலையும் வரலாம். ஆகவே இது நம்ம ஏரியாவும்தான். வடிவியல், இமேஜ் பிராசஸிங், கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் இதற்குள் இருக்கு. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பல்லுக்குள் என்ன இருக்கு?

பல்லின் வெளித்தோடு எனாமல். உடலிலேயே மிகக் கடினமான பொருள் அது. எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். அதற்கு உள்ளே டென்டின். அதற்கும் உள்ளே, நடுவில், நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட மெத்தென்ற பற்கூழ். தலைப்பகுதியில் இந்தக் கூழ் ஓர் அறைபோல இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு வேருக்குள்ளும் குழாய்போல இறங்கும். அந்தக் குழாய்தான் வேர்க்கால்வாய். வேரின் நுனியில் ஒரு சின்னத் துளை வழியாக அது தாடை எலும்புப் பக்கம் திறக்கிறது.

சொத்தை கூழ்வரை போய்விட்டால் கிருமிகள் கால்வாய்க்குள் குடியேறும். சிகிச்சை என்பது சுருக்கமாக இவ்வளவுதான்: தலையில் துளையிட்டு, ஒவ்வொரு கால்வாயையும் ஃபைல் என்ற மெல்லிய உலோகக் கம்பியால் சுரண்டி, கிருமிநாசினியால் கழுவி, கட்டா-பெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் அடைத்து மூடுவது. இதில் "ஒவ்வொரு கால்வாயையும்" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கோங்க. மூன்றைச் சுத்தம் செய்து நான்காவதை விட்டுவிட்டால், அந்த நான்காவதில் இருக்கும் கிருமிகளுக்கு அதுவே பாதுகாப்பான வீடு. மாதங்களோ வருஷங்களோ கழித்து வேர் நுனியில் எலும்பு அரித்து, வலி திரும்ப வரும்.

எக்ஸ்ரே எதைப் பார்க்கிறது?

எக்ஸ்ரே ஒரு பொருளுக்குள் போகும்போது, கடக்கும் தடிமனுக்கு ஏற்ப அடுக்குக்குறி முறையில் குறைந்துகொண்டே போகும். நம்ம இயற்பியல் பாடத்தில் வரும் பியர்-லாம்பர்ட் விதிதான். கனிமம் அதிகமான எனாமல் நிறைய உறிஞ்சும், அதனால் படத்தில் வெள்ளை. டென்டின் சாம்பல். பற்கூழ் மென்மையான திசு, கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். எனவே கால்வாய் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும்.

கேட்க எளிதாக இருக்கு. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. வேரும் அதைச் சுற்றிய எலும்புமாகக் கதிர் கடக்கும் பாதை 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கால்வாயின் அகலம் 0.2 மி.மீ. மொத்தப் பாதையில் 2 சதவீதம் மட்டுமே காலி. அந்த 2 சதவீத வித்தியாசத்தைத்தான் கண் கோடாகப் பிரித்தறிய வேண்டும். வயதாக ஆக உள்சுவரில் டென்டின் படிந்து கால்வாய் இன்னும் குறுகும். அப்போது கோடே தெரியாமல் போகலாம். கோடு தெரியவில்லை என்றால் கால்வாய் இல்லை என்று அர்த்தமல்ல. படத்தின் கான்ட்ராஸ்ட் போதவில்லை என்று மட்டுமே அர்த்தம்.

சிகிச்சையின் நடுவில் கால்வாய்க்குள் ஃபைலை விட்டு மறுபடி படம் எடுப்பது இதனால்தான். எஃகு, எக்ஸ்ரேயை நன்றாக உறிஞ்சும். பார்க்க முடியாத வெற்றிடத்துக்குள் பார்க்கக்கூடிய கம்பியை வைக்கிறார்கள். சிக்னல் பலவீனமாக இருந்தால் மார்க்கர் சேர்ப்பது நமக்கும் பழக்கமான தந்திரம்தானே!

ஒளிந்திருக்கும் நான்காவது கால்வாய்

மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்கள்: கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் ஒன்று. மூன்று வேர், ஆகவே மூன்று கால்வாய் என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் சிக்கல்.

கன்னப் பக்கத்தில் முன்னால் இருக்கும் வேர் தட்டையானது. முன்பின்னாக மெலிந்து, கன்னத்திலிருந்து அண்ணம் நோக்கி அகன்றிருக்கும். அந்த அகலத்துக்குள் பல நேரம் இரண்டு கால்வாய்கள் இருக்கும், ஒன்று கன்னப் பக்கம், மற்றொன்று அதற்குப் பின்னால் அண்ணப் பக்கம். எக்ஸ்ரே குழாய் இருப்பது கன்னத்துக்கு வெளியே, ஃபிலிமோ சென்சாரோ இருப்பது வாய்க்குள்ளே. அதாவது கதிர் போகும் அதே திசையில் இரண்டு கால்வாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. விளைவு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிழல்.

இந்த வேர்களை ஆராய்ந்து, 1969இல் ஃபிராங்க் வைனும் அவரது குழுவினரும் வெளியிட்ட கட்டுரையில் சுமார் பாதிப் பற்களில் இரண்டு கால்வாய்கள் இருந்தன. பின்னால் வந்த பல ஆய்வுகளில் பாதியைவிட அதிகம். ஆக, ஒளிந்திருக்கும் அந்தக் கால்வாய் அபூர்வமான விதிவிலக்கு கிடையாது. இருப்பதாகவே எண்ணித் தேட வேண்டிய ஒன்று.

கீழ்தாடை முன்பற்களிலும் இதே கதை. ஒல்லியான ஒற்றை வேர். ஆனால் சுமார் 40 சதவீதப் பற்களில் உதட்டுப் பக்கம் ஒன்று, நாக்குப் பக்கம் ஒன்று என இரண்டு கால்வாய்கள். பெரும்பாலும் நுனிக்குச் சற்று முன்னால் இரண்டும் சேர்ந்துவிடும். நேராக எடுத்த படத்தில் ஒரே கோடுதான்.

ஹாஸ்டல் ரூமில் ஒரு சோதனை

இதற்கான தீர்வைப் புரிந்துகொள்ள இரண்டு பேனா, ஒரு செல்போன் டார்ச், ஒரு சுவர் போதும். சுவருக்கு முன்னால் இரண்டு பேனாக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துங்க. சுவர்தான் ஃபிலிம். சுவருக்கு அருகில் இருக்கும் பேனா அண்ணப் பக்கக் கால்வாய். டார்ச்சுக்கு அருகில் இருப்பது கன்னப் பக்கக் கால்வாய். நேராக டார்ச் அடித்தால் ஒரே நிழல்.

இப்போது டார்ச்சை வலப்பக்கம் நகர்த்துங்க. இரண்டு நிழலும் இடப்பக்கம் நகரும். ஆனால் டார்ச்சுக்கு அருகில் இருக்கும் பேனாவின் நிழல் அதிக தூரம் ஓடும், சுவரை ஒட்டிய பேனாவின் நிழல் கொஞ்சம்தான் நகரும். ஒன்றாக இருந்த நிழல் இரண்டாகப் பிரிந்துவிட்டது! இன்னொன்றையும் கவனிங்க. டார்ச் போன வலப்பக்கத்தில் நிற்பது எந்த நிழல்? சுவரை ஒட்டிய பேனாவின் நிழல்.

இதையே 1910இல் சி. ஏ. கிளார்க் என்பவர், முளைக்காமல் எலும்புக்குள் புதைந்திருக்கும் பற்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கண்டறியும் முறையாக எழுதினார். பல் மருத்துவ மாணவர்கள் இதை 'ஸ்லாப்' விதி என்று மனப்பாடம் செய்வார்கள்: சேம் லிங்குவல், ஆப்போசிட் பக்கல். நம்ம பாணியில் சொன்னால், உள்ளே இருப்பவன் குழாயோடு கூட வருவான், கன்னத்துப் பக்கம் இருப்பவன் எதிர்த்திசையில் போவான். கணினிப் பார்வைப் பாடத்தில் ஸ்டீரியோ, டிஸ்பாரிட்டி என்று படிக்கிறோமே, அதே பேரலாக்ஸ்தான்.

எவ்வளவு பிரியும்? இரண்டு கால்வாய்களுக்கும் இடையே ஆழத்தில் 2 மி.மீ. இடைவெளி என்று கொள்வோம். குழாயை 20 டிகிரி பக்கவாட்டில் திருப்பினால், பிரிவு தோராயமாக 2 பெருக்கல் டேன் 20, அதாவது 0.73 மி.மீ. நல்ல ஃபிலிமோ சென்சாரோ இதைக் காட்டிவிடும். அப்படியென்றால் 50 டிகிரி திருப்பினால் இன்னும் நல்லதுதானே? இல்லை. அவ்வளவு சாய்த்தால் பக்கத்து வேர்களும் பற்களும் மேலே வந்து விழுந்து படம் குழம்பிவிடும். எனவே நேராக ஒன்று, சுமார் 20 டிகிரி சாய்த்து இன்னொன்று என்பது நடைமுறையில் ஒத்துவரும் வழி.

படத்தில் கிடைக்கும் துப்புகள்

இரண்டாவது கால்வாய் நேரடியாகத் தெரியாதபோதும் அது தடயம் விட்டுச் செல்லும். கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, திடீரென மறையும் கோடு. கீழ்தாடை முன்கடைவாய்ப்பல்லில் மேலே தடிமனாகத் தெரியும் கறுப்புக் கோடு வேரின் பாதியில் சட்டென்று மங்கினால், கால்வாய் அங்கே முடிந்துவிடவில்லை. பெரும்பாலும் அங்கே அது இரண்டாகக் கிளைத்திருக்கும். ஒரு பெரிய குழாய் இரண்டு சின்னக் குழாயாகப் பிரிந்தால் ஒவ்வொன்றின் கான்ட்ராஸ்டும் குறையும்தானே.

இரண்டு, நடுவில் இல்லாத ஃபைல். சாய்த்து எடுத்த படத்தில் ஃபைல் வேரின் நடுக்கோட்டில் ஓடினால் ஒரே கால்வாயாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடினால், காலியாக இருக்கும் மறுபக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். வேரின் குறுக்குவெட்டில் இருக்கும் சமச்சீரை நம்பிச் செய்யும் ஊகம் இது.

மூன்று, இரட்டைக் கோடு. வேரைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரிவது, பல்லையும் எலும்பையும் இணைக்கும் தசைநார் இடைவெளி. ஒரே பக்கத்தில் அது இரண்டாகத் தெரிந்தால், வேரில் ஒரு பள்ளம் இருக்கலாம், அல்லது பின்னால் இன்னொரு வேர் ஒளிந்திருக்கலாம்.

நான்கு, பல்லின் அடையாளம். எந்தப் பல் என்று தெரிந்தாலே எங்கே தேட வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும். உதாரணமாக, கீழ்தாடை இரண்டாம் கடைவாய்ப்பல்லில் கால்வாய்கள் ஒன்றோடொன்று ஒட்டி, குறுக்குவெட்டில் பிறைபோல வளைந்திருக்கும் வகை ஒன்று உண்டு. சீன, கொரிய மக்களிடம் இது அதிகம்.

உச்சிவெயிலும் சாயங்காலமும்

கால்வாய் எத்தனை என்று தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு நீளம் என்றும் தெரிய வேண்டும். ஃபைல் நுனியைத் தாண்டிப் போனால் எலும்புப் பக்கத் திசு புண்ணாகும். முன்னாலேயே நின்றால் கிருமி மிச்சமாகும்.

உச்சிவெயிலில் நம்ம நிழல் குட்டை, சாயங்காலம் நெட்டை. எக்ஸ்ரேயிலும் அதேதான். குழாயை அதிகச் செங்குத்தாகப் பிடித்தால் பல் குட்டையாகவும், தாழ்த்திப் பிடித்தால் நீளமாகவும் தெரியும். 1907இல் சீஷின்ஸ்கி என்பவர் இதற்கு ஒரு வடிவியல் விடை தந்தார். பல்லின் அச்சுக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள கோணத்தை இரண்டாகப் பிரிக்கும் கோட்டை மனதில் வரையுங்கள். கதிர் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக விழட்டும். அப்போது கிடைக்கும் இரண்டு முக்கோணங்களும் சர்வசமம், எனவே நிழலின் நீளமும் பல்லின் நீளமும் சமம். பத்தாம் வகுப்பு ஜியோமெட்ரி வாய்க்குள் வேலை செய்கிறது, பாருங்க!

இன்றைக்கு ஃபிலிமைப் பல்லுக்கு இணையாக நிறுத்தும் முறையே அதிகம் விரும்பப்படுகிறது. அதில் ஃபிலிம் பல்லைவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்கும், எனவே நிழல் கொஞ்சம் பெரிதாகும். பல்லுக்கும் ஃபிலிமுக்கும் 12 மி.மீ. இடைவெளி என்று வைப்போம். கதிர்மூலம் ஃபிலிமிலிருந்து 200 மி.மீ. தூரத்தில் இருந்தால், 21 மி.மீ. பல் 22.3 மி.மீ. ஆகத் தெரியும். 400 மி.மீ. தள்ளிவைத்தால் 21.65 மி.மீ. மருத்துவர் நிறுத்த நினைப்பது நுனிக்கு 0.5 முதல் 1 மி.மீ. முன்னால். முதல் அமைப்பில் பிழை மட்டுமே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. நீளமான கூம்பு ஏன் நல்லது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. கால்வாயின் வாய் வேரின் சரியான நுனியில் இல்லாமல் பல நேரம் பக்கவாட்டில் திறக்கும். அது கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ திரும்பியிருந்தால் நிழலில் தெரியாது. இங்கே நம்ம எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் கைகொடுத்தார்கள். வாயின் உட்தோலுக்கும் பல்லைச் சுற்றிய தசைநாருக்கும் இடையே மின்தடை ஏறக்குறைய மாறாமல் 6.5 கிலோ ஓம் இருக்கிறது என்பதைப் பயன்படுத்தி, 1962இல் ஜப்பானின் சுனாடா ஒரு கருவிக்கு அடித்தளம் போட்டார். ஃபைலின் நுனி தசைநாரைத் தொட்டதும் மீட்டர் அந்த அளவைக் காட்டும். இன்றைய கருவிகள் பல அதிர்வெண்களில் இம்பீடன்ஸை அளக்கின்றன. எக்ஸ்ரேயும் இந்த மீட்டரும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இரண்டு சென்சார்கள்.

வரைபடம் எங்கிருந்து வந்தது?

வாய்க்குள் இருக்கும் பல்லில் ஒரு பார்வைதான். பிடுங்கிய பல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்தப் பக்கமும் திருப்பிப் படம் எடுக்கலாம், அறுத்தும் பார்க்கலாம். நமக்கு இன்று கிடைத்திருக்கும் வரைபடம் அப்படிப் பிடுங்கிய பற்களிலிருந்துதான் உருவானது.

சூரிச் நகரின் வால்டர் ஹெஸ், ஆயிரக்கணக்கான பற்களின் கால்வாய்களுக்குள் ரப்பரைச் செலுத்திக் கெட்டியாக்கி, பிறகு பல்லைக் கரைத்துவிட்டார். மிஞ்சியது கால்வாயின் அச்சு. அதைப் பார்த்தவர்கள் திகைத்திருப்பார்கள். குழாய் என்று நினைத்த இடத்தில் கிளைகள், குறுக்கு இணைப்புகள், வலைப்பின்னல்! 1984இல் ஃபிராங்க் வெர்டூச்சி 2,400 பற்களைக் கண்ணாடிபோல ஊடு தெரியும்படி பதப்படுத்தி, உள்ளே சாயம் ஏற்றி, கால்வாய் அமைப்புகளை 8 வகையாகப் பிரித்தார். ஒன்றாகத் தொடங்கி ஒன்றாகவே முடிவது, இரண்டாகத் தொடங்கி ஒன்றாவது, ஒன்றாகத் தொடங்கி இரண்டாவது என்று போகும் அந்தப் பட்டியல், கிராஃப் தியரி படித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஹெஸ் தன் ஆய்வை வெளியிட்ட அதே 1917இல் யோஹான் ராடோன் என்ற கணிதவியலாளர், ஒரு பொருளின் எல்லாத் திசை நிழல்களும் கிடைத்தால் உள்ளே இருப்பதை முழுமையாகத் திரும்பக் கட்டிவிடலாம் என்று நிறுவினார். பல்லைக் கரைக்காமல் உள்ளே பார்க்கும் வழி அந்தக் கணக்குக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கூம்பு வடிவக் கதிரிலிருந்து முப்பரிமாணத்தை மீட்டெடுக்கும் ஃபெல்ட்காம்ப் முறை 1984இல் வந்தது. 1990களின் இறுதியில் பல் மருத்துவத்துக்கான கூம்புக்கதிர் சிடி கருவிகள் புழக்கத்துக்கு வந்தன. தலையை ஒருமுறை சுற்றிவந்து நூற்றுக்கணக்கான நிழல்களைச் சேகரித்து, 0.1 மி.மீ. அளவுக் கட்டங்களாலான முப்பரிமாணப் படத்தைத் தருகின்றன. நமக்குக் கிடைக்காமல் இருந்த டாப் வியூ கிடைத்துவிட்டது.

அப்படியென்றால் எல்லாருக்கும் சிடி எடுத்துவிடலாமே? கூடாது. சாதாரணப் பல் எக்ஸ்ரே ஒன்றின் கதிரளவு சில மைக்ரோசீவெர்ட்தான். இயற்கையிலிருந்து ஒரு மனிதர் பெறுவது உலகச் சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட். ஆனால் கூம்புக்கதிர் சிடியில் அளவு பல மடங்கு ஏறும். ஏற்கெனவே உலோகமோ பழைய அடைப்போ இருந்தால் அதைச் சுற்றிக் கோடுகளும் நிழல்களும் விழுந்து படமும் கெடும். இந்த எச்சரிக்கைக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 1896 ஜனவரியில் ஜெர்மனியின் ஓட்டோ வால்க்ஹாஃப் தன் பற்களையே முதன்முதலில் எக்ஸ்ரே எடுத்தபோது 25 நிமிஷம் கதிரில் இருந்தார். அமெரிக்காவில் பல் எக்ஸ்ரேயைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான எட்மண்ட் கெல்ஸ், பல ஆண்டுகள் பாதுகாப்பில்லாமல் வேலை செய்து, கதிரால் வந்த புற்றுநோய்க்கு விரல்களையும் பின்பு கையையும் இழந்தார். தேவை இருந்தால் மட்டும், தேவையான அளவு மட்டும் என்பது அங்கே கற்ற பாடம்.

புராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்கு

பல் எக்ஸ்ரே படங்களை வைத்து மெஷின் லேர்னிங் மாடல் செய்வது இப்போ நம்ம ஃபைனல் இயர் புராஜெக்டுகளில் சகஜம். அவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்க மாடல் "கால்வாய் 3" என்று 95 சதவீதத் துல்லியத்தோடு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 என்ற லேபிளைக் கொடுத்தது யார், எதைப் பார்த்து? அதே ஒற்றை நிழலைப் பார்த்துத்தான் என்றால், நிழலில் மறைந்த நான்காவது கால்வாய் உங்க டேட்டாவிலேயே இல்லை. மனிதர் தவறவிட்டதையே மாடலும் அழகாகத் தவறவிடும், மார்க்கும் வாங்கும்.

எனவே லேபிள், படத்தைவிட அதிகம் தெரிந்த ஓர் இடத்திலிருந்து வர வேண்டும். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுத்த கூம்புக்கதிர் சிடியோ, பிடுங்கிய பற்களின் மைக்ரோ சிடியோ அதற்கு உதவும். ஒரே பல்லின் நேர்ப்படத்தையும் சாய்த்த படத்தையும் ஜோடியாக உள்ளீடு கொடுத்துப் பாருங்க. கூடவே, "தெரியவில்லை, இன்னொரு கோணம் வேண்டும்" என்று சொல்லும் உரிமையையும் மாடலுக்குக் கொடுங்க. நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவருக்கு, உறுதியாகச் சொல்லப்பட்ட தப்பான எண்ணைவிட அந்தப் பதில்தான் அதிகம் உதவும்.